பன்னிரண்டை விழுங்கிய ஹெட்செட்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் அறைக்கு எக்ஸ்சேஞ்ச் என்று பெயர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அறையின் பெயர் மாறி, கதவில் வேறு பலகை மாட்டிய பிறகும் அவள் பெயர் அப்படியே தங்கிவிட்டது. சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவது அபூர்வம். கோபத்தைப் பற்றி மட்டும் நிறையப் பேசுவாள். "எனக்குக் கோபம் வராதுன்னு யாரு சொன்னா? வரும். வந்தா உட்கார வெச்சுச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவேன்" என்பாள்.

புது மேற்பார்வையாளர் வந்ததும் முதல் வேலையாக எல்லோர் மேசையிலும் ஒரு டேப்லட்டை வைத்தார். எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த ஸ்கேனுக்கு யாருக்கு எத்தனை மணி என்பதெல்லாம் இனி அதில்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதுதான் வேடிக்கை. அதுவரை பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் "கொஞ்சம் பாத்துச் சொல்லுடி" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது விரலைத் திரையில் நகர்த்தினால், விரலுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதை ஸ்கிரீன் ரீடர் வாய்விட்டு வாசித்தது. இடது காதில் டெலிபோன், வலது காதில் டேப்லட்டின் குரல். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பேச நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து பண்ணுவது போல அவள் சுகமாக வேலை செய்தாள்.

அந்தச் சுகத்தைக் கெடுத்தது ஹெட்செட். ஒயர் இருந்தால் மேசை அசிங்கமாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் மொத்தமாக வாங்கிப் போட்ட ஒயர்லெஸ் ரகம். வழவழவென்று கோலிக்குண்டு மாதிரி இருந்தது. அமுக்குவதற்கு ஒரு பொத்தான் கிடையாது. தடவினால் ஒன்று, தட்டினால் ஒன்று. காதோரம் முடியை ஒதுக்கினால்கூடக் குரல் நின்றுபோகும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை வேறு. கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் அது தூங்கிவிடும். ஸ்கிரீன் ரீடர் மறுபடி பேச ஆரம்பித்ததும் திடுக்கிட்டு எழுந்திருக்கும். எழுந்திருப்பதற்குள் சொல்லின் முதல் துண்டு போயே போயிருக்கும். டாக்டர் பெயரில் பாதி, வார்டு பெயரில் பாதி என்று அது கடித்துத் துப்பிய மிச்சத்தைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேற்பார்வையாளரிடம் சொன்னாள். "பாக்கலாம்" என்றார். இன்னொரு முறை சொன்னாள். "பழகிடும் மேடம்" என்றார். அதற்குப் பிறகு அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். விரலை ஒரு முறை நகர்த்தி அதை எழுப்பிவிட்டு, இரண்டாம் முறை நகர்த்திக் கேட்பது. எல்லா வேலையும் இரட்டை வேலை ஆனது.

ஒரு திங்கட்கிழமை காலை, மூச்சுவிட நேரமில்லாமல் போன் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் தன் அப்பாவின் வயிற்று ஸ்கேன் மறுநாள் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அவசரத்தில் எக்ஸ்சேஞ்ச் அக்கா ஒரே ஒரு முறைதான் விரலை வைத்தாள். "ரண்டு மணி" என்றது காது. "நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிம்மா. வெறும் வயித்துல வரணும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

திரையில் இருந்தது பன்னிரண்டு மணி.

மறுநாள் அந்தப் பெரியவர் இரண்டு மணிக்கு வந்தபோது ஸ்கேன் அறையைப் பூட்டிவிட்டிருந்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர். முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர் நடையில் இருந்த பெஞ்சில் அப்படியே சரிந்துவிட்டார். நல்லவேளை, விழுந்த இடம் ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏற்றிச் சரியாக்கி அனுப்பினார்கள். மகள் போட்ட சத்தத்தில் அந்த மாடியே திரும்பிப் பார்த்ததாம்.

மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மத்தவங்களும் இதே ஹெட்செட்தான் போட்டிருக்காங்க. யாருக்கும் வராத பிரச்சனை உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் வருது?"

"மத்தவங்க கண்ணால பாத்துச் சொல்றாங்க சார். ஹெட்செட்ல பாட்டுதான் கேக்குறாங்க. பாட்டு விடாம ஓடும், அது தூங்காது. எனக்கு அது பேசினாத்தான் வேலை. நான் உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"சரி விடுங்க. இனிமே நீங்க போன் எடுக்க வேண்டாம். பேசாம வந்து உட்காருங்க, போங்க. சம்பளம் அது பாட்டுக்கு வரும். உங்க நிலைமையைப் பாத்து எங்களுக்கும் இரக்கம் இருக்குல்ல?"

இரக்கம் என்ற அந்த ஒரு சொல் அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. எத்தனையோ பேருக்குப் பிரசவ வார்டையும், விபத்துப் பிரிவையும், பிணவறையையும்கூட இணைத்துக் கொடுத்த வாய் அது. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அவள் கணவன் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். சாயங்காலம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வா, நாமளே ஒண்ணு வாங்கிடலாம்" என்றான்.

கடை பெரியது. குளிர்சாதனக் காற்று நெற்றியில் அடித்தது. விற்பனையாளன் நேராகக் கணவனிடம் போனான்.

"சொல்லுங்க சார், மேடத்துக்கு என்ன மாதிரி வேணும்?"

"ஸ்கிரீன் ரீடரோட டேப்லட்ல வேலை செய்யணும்" என்றாள் அவள்.

"சார், மேடத்துக்கு இது நல்லா இருக்கும். புது மாடல். மேடம் பாட்டெல்லாம் கேப்பாங்களா சார்?"

"கேப்பா" என்றான் கணவன்.

"கலர் எது சார் பிடிக்கும் மேடத்துக்கு?"

"நீலம் இருந்தா..." என்று அவன் ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டாள்.

தெருவுக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்டாள். "எனக்கு நீலம் பிடிக்கும்னு எந்த ஜென்மத்துல சொன்னேன்? நீலம் எப்படி இருக்கும்னாவது எனக்கு ஞாபகம் இருக்கா?"

"கேட்டான், சொன்னேன். சண்டைக்கு எதுக்கு வர்ற?"

"என்னைப் பத்தி என் முன்னாடியே உங்ககிட்ட கேக்குறான். நீங்களும் பதில் சொல்றீங்க. அங்க அந்த ஆள் இரக்கப்படுறான், இங்க நீங்க எனக்கு வாயா இருக்கீங்க. எனக்குக் கண்ணுதாங்க இல்ல. வாய் இருக்கு."

"நல்லாவே இருக்கு" என்று அவன் சொல்லிவிட்டான். வேறு நேரமாக இருந்தால் அவளே சிரித்திருப்பாள். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் வழக்கத்தைவிடச் சத்தமாக மேசைக்கு வந்தன.

மறுநாள் வேலைக்குப் போனாள். போன் அடித்தது, பக்கத்துப் பெண் எடுத்தாள். மறுபடி அடித்தது, மறுபடி அவளே எடுத்தாள். இவள் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை பழக்கத்தில் கை ரிசீவருக்குப் போய்விட்டது. "அக்கா, வேண்டாம்க்கா, என்னைத் திட்டுவாரு" என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். அந்த மெதுவான குரல் அவளைக் கொன்றது. சாயங்காலம் வேலை முடிந்ததும் டேப்லட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனாள். கணவன் கூடவே வந்தான். கடைக்குள் நுழைந்ததும் விற்பனையாளன் "வாங்க சார்" என்றான்.

"என்னைக் கேக்காதீங்க. காது அவங்களோடது" என்று சொல்லிவிட்டுக் கணவன் போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டான்.

அவள் டேப்லட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஒவ்வொண்ணா இதுல மாட்டிக் கேக்கணும்."

"பெட்டியைப் பிரிச்சா நாங்க வேற யாருக்கும் விக்க முடியாது மேடம்."

"செருப்புக் கடையில காலை விட்டுப் பாக்காமயா வாங்குறீங்க? கேட்டுப் பாக்காம நான் எப்படிங்க வாங்குறது? பார்வைக்கு வெச்சிருக்கிறது இருக்கும்ல, அதைக் குடுங்க."

முனகிக்கொண்டே கொண்டுவந்தான். முதலில் கொடுத்தது காதை முழுசாக மூடும் ரகம். போட்டதும் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. பக்கத்தில் யார் வந்து நின்றாலும் தெரியாது, கழற்றி வைத்தாள். அடுத்தது ஒவ்வொரு தடவை தொடும்போதும் தானே ஒரு வார்த்தை பேசியது. ஸ்கிரீன் ரீடரும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பேச, குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. இன்னொன்றில் விரல் அடுத்த வரிக்குப் போன பிறகுதான் முந்தின வரியின் குரல் வந்தது. எதைக் கொடுத்தாலும் அவள் ஒரே வேலையைச் செய்தாள். டேப்லட்டில் பன்னிரண்டு என்று அடித்து வைத்திருந்தாள். சும்மா காத்திருப்பாள். பிறகு விரலை வைப்பாள்.

"என்ன மேடம், பேசாம நிக்கிறீங்க?" என்றான் விற்பனையாளன். அவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"தூங்கட்டும்னு நிக்கிறேன்."

"எது?"

அவள் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். "போட்டுக்கங்க. இப்ப கேளுங்க."

அவன் போட்டுக்கொண்டான். அவள் காத்திருந்து விரலை வைத்தாள்.

"ரண்டு" என்றான் அவன். திரையைப் பார்த்தான். "அட, முழுங்குதே!" பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு, "டேய், இங்க வா, இதைக் கேளு" என்றான். அதற்குப் பிறகுதான் அவன் அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தான். கடையில் இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டினான். இரண்டு பேருமாக எழுப்பி எழுப்பிக் கேட்டார்கள். விழுங்காததாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஒரு காதில் மட்டும் கொக்கி மாதிரி மாட்டுவது. கைக்குத் தட்டுப்படுகிற பொத்தான்கள். சும்மா இருந்தாலும் விழித்தே இருக்கும். அதனால் மதியத்திலேயே சார்ஜ் போட வேண்டிவரும்.

"இது லாரி டிரைவருங்க வாங்குறது மேடம். பாக்க நல்லா இருக்காது" என்று தயங்கினான்.

"பாக்குறது என் வேலை இல்லப்பா" என்றாள். சுவரோரத்திலிருந்து கணவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் சிரிக்கவில்லை.

ஆனால் காலையில் அதை மாட்டிக்கொண்டு போனதும் மேற்பார்வையாளர் தடுத்தார். "வெளியில வாங்கினதை ஆபீஸ் டேப்லட்ல இணைக்கக் கூடாது. விதி இருக்கு."

"அப்ப ஒழுங்கா வேலை செய்யறதை நீங்க வாங்கிக் குடுங்க."

"பாக்கலாம்."

அந்த "பாக்கலாம்" அறையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கதவு படாரென்று திறந்தது. அன்று போனில் கேட்ட அதே குரல். அந்தப் பெரியவரின் மகள், பேக்கரியில் வேலை செய்பவள். லீவு போட்டுவிட்டு, தவறிப்போன ஸ்கேனுக்காக அப்பாவைத் திரும்ப அழைத்து வந்திருந்தாள்.

"ரெண்டு மணின்னு சொன்னது யாரு? எனக்கு முகத்தைப் பாக்கணும்."

மேற்பார்வையாளர் முந்திக்கொண்டார். "அவங்களை போன்ல இருந்து எடுத்தாச்சும்மா. நடவடிக்கை எடுத்தாச்சு. பார்வை இல்லாதவங்க, பாவம்..."

"சார், நிறுத்துங்க." எக்ஸ்சேஞ்ச் அக்கா எழுந்து நின்றாள். "நான்தாம்மா சொன்னேன். என் காதுல ரெண்டுன்னுதான் விழுந்தது. ஏன் விழுந்ததுன்னு நீயே கேளு."

ஆபீஸ் ஹெட்செட்டை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். அவள் முறைத்துக்கொண்டே காதில் வைத்தாள். இவள் காத்திருந்து டேப்லட்டின் பன்னிரண்டில் விரலை வைத்தாள். அந்தப் பெண் கேட்டாள். பிறகு லாரி டிரைவர் ரகத்தையும் வைத்துக் கேட்டாள். இரண்டையும் மேசைமேல் வைத்தாள்.

"இதை முன்னாடியே சொல்லலையா நீங்க?"

"சொன்னேன். சொல்லிக்கிட்டே இருந்தேன். பழகிடும்னாரு."

அந்தப் பெண் மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினாள். "பழகிடுமா? எங்கப்பா மயங்கி விழுந்தாரே, அதுவும் பழகிடுமா சார்? சொன்னவங்களை உட்கார வெச்சுட்டு, கேக்காத நீங்க நின்னுக்கிட்டு இருக்கீங்க." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல. பெரிய டாக்டர் ரூம் எங்க இருக்கு?"

போகும்போது அவள் நின்று இவளிடம் சொன்னாள்: "நீங்களும் ஒரு தடவை திரும்பக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்மா" என்றாள் இவள்.

வாசலில் நின்ற பெரியவர் மட்டும் ஒன்று சொன்னார். "எனக்கு வேற ஒண்ணுமில்லம்மா. பசிதான் தாங்கல." அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பெரிய டாக்டர் அன்று மதியமே ஆள் அனுப்பினார். வழவழப்பு ஹெட்செட்டுகளை மேசைகளிலிருந்து எடுத்தார்கள். பாட்டு போனதில் பக்கத்துப் பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம். எக்ஸ்சேஞ்ச் அக்காவுக்கு போன் திரும்ப வந்தது, லாரி டிரைவர் ரகத்தை மாட்டிக்கொள்ள அனுமதியும் வந்தது. மேற்பார்வையாளர் அவள் மேசைக்கு வந்து, "உங்க நல்லதுக்குத்தான் மேடம் அன்னைக்கு அப்படிச் சொன்னேன்" என்றார். தப்பு என்ற சொல் கடைசிவரை அவர் வாயிலிருந்து வரவில்லை.

"எனக்கு நல்லது நினைக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தாள்.

சாயங்காலம் கணவனோடு நடந்துபோகும்போது அவள் உம்மென்று வந்தாள். அவன் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே. இன்னும் கோபமா?"

"ஆமா."

"என் மேலயா?"

"உங்க மேல கொஞ்சம். அந்த ஆள் மேல நிறைய. என் மேலயும் இருக்கு."

"சரி" என்றான் அவன். சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனையில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். "இடது பக்கமா வா" என்றான். அவள் வந்தாள்.