உம்மாவின் கபுரைக் காட்டியவன்

உம்மா மௌத்தானபோது நான் கட்டாரில் ஒரு ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். செய்தியைச் சொன்னது வாப்பாவோ தங்கச்சியோ அல்ல. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து என் கூட்டாளியாக இருப்பவன்.

"உம்மா போயிட்டாடா. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்."

"ஓம்" என்றேன். என்னால் வந்து சேர முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவன் வீடியோ கோல் எடுத்தான். பெட்டிகள் அடுக்கிய தட்டுகளுக்கு நடுவே நின்று பார்த்தேன். உம்மாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கைத் தூக்க இரண்டு கையும் வேண்டுமென்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அதன்பிறகு நான் கண்டதெல்லாம் முன்னால் போன யாரோ ஒருவரின் முதுகு. வெள்ளைச் சட்டை, நடுவில் வியர்வை. பிறகு கோல் வெட்டுப்பட்டது. அழுகை வரவில்லை. வேலை முடிய மூன்று மணித்தியாலம் இருந்தது. செய்து முடித்தேன்.

ஐந்து மாதத்துக்குப் பிறகுதான் லீவு கிடைத்தது. கல்முனைக்குடி வீட்டுக்கு வந்த மறுநாள் தண்ணீர் மோட்டர் நின்றுவிட்டது. நான் முன்னால் இருக்கும்போதே வாப்பா அவனுக்குப் போன் எடுத்தார்.

"நான் பாக்கட்டா வாப்பா?"

"நீ களைச்சி வந்திரிக்காய் மனே. அவனுக்குத்தான் அதுட பதம் தெரியும்."

அவன் வந்து கழற்றிப் பூட்டினான். தங்கச்சி திரைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணியை நீட்டினாள். அவனுடையதில் சீனி இல்லை. அவள் அவனிடம் கேட்கவும் இல்லை. எனக்கு எத்தனை கரண்டி என்று கேட்டாள்.

பின்னேரம் அவனோடு உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனேன். மணலில் ஒரு கபுருக்குப் பக்கத்தில் நின்று துஆவைத் தொடங்கிவிட்டேன். அவன் என் கையை மெல்லப் பிடித்தான்.

"அது வேற ஆக்கள்ர கபுர். இஞ்சால வா."

இரண்டு எட்டு நகர்ந்து முதலிலிருந்து ஓதினேன்.

திரும்பி வரும்போது அவன் சொன்னான்: "கடைசிக் கிழம உம்மாக்கு ஆள் மட்டு இல்ல, ஆரையும் தெரியல்ல. ஒன்ட பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிட்டா."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னத்தச் சொல்ற. வந்திட்டன் உம்மா எண்டன்."

அவன் என் முகத்தைப் பார்த்தபடி நடந்தான்.

"நல்லம்" என்றேன்.

"கோவமாடா?"

"இல்ல."

அது உண்மைதான். கோபமோ நன்றியோ எதுவும் வரவில்லை. கடற்கரைக்குப் போய்த் தோணி நிழலில் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவனும் நானும் அவரவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லீவு முடிந்து புறப்பட்ட அன்று வாப்பா என்னைக் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னார். வான் வளைவில் திரும்பும்போது பார்த்தேன். அவனுடைய தோளில் கை வைத்தபடி வாசலில் நின்றார்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குக் கோல் எடுப்பதற்கு முன் அவனுக்குத்தான் எடுக்கிறேன். வாப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். அவன் சொல்வான்.