மைனஸ் அறுபது

என் அக்கா புருஷனுக்குக் கப்பல்கட்டும் யார்டில் 'மைனஸ் அறுபது' என்று பெயர். உறைபனிக் கடலுக்குப் போகும் கப்பலின் வெல்டிங் குளிரில் விட்டுப்போகக் கூடாது. அதற்காக ஒவ்வொரு வெல்டரும் உள்ளே பொடி அடைத்த கம்பியால் ஒரு சோதனைத் தட்டு ஒட்டித் தர வேண்டும். அதிலிருந்து துண்டு வெட்டி, மைனஸ் அறுபது டிகிரிக் குளிர்த் திரவத்தில் முக்கியெடுத்து, சுத்தியலால் அடிப்பார்கள். மாமா ஒட்டியது ஒருநாளும் தோற்றதில்லை. நான் ஒட்டியது பார்க்க லட்சணமாக இருக்கும், அடித்தால் பிஸ்கட்.

அந்தத் திறமைதான் அவர் தலையில் விடிந்தது. எங்கள் ஃபோர்மேன் பெரிய கில்லாடி. பதினோரு பேருடைய தட்டையும் மாமாவை விட்டே ஒட்ட வைத்து, பிறகு எங்கள் வெல்டர் நம்பரை ஆளுக்கொன்றாக அதில் அடித்துவிடுவார். பிழைப்பாச்சே, நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

மாமாவுக்கு முழங்கால் போய்விட்டது. கப்பலின் தொட்டிகளுக்குள் மண்டி போட்டே இருபத்திரண்டு வருஷம். ஸ்டோரில் கம்பிச் சுருள் எடுத்துக் கொடுக்கிற நாற்காலி வேலை காலியாக இருந்தது. மூன்று முறை எழுதிக் கொடுத்தார்.

"நீ நாற்காலியில உக்காந்துட்டா தட்டு யாருய்யா போடுவா?" என்று மூன்று முறையும் கிழித்துப் போட்டார் ஃபோர்மேன்.

நான்காவது முறை மாமா எழுதவில்லை. அவருடைய நம்பருக்கே தட்டு போட வேண்டிய நாள் வந்தது. கரன்ட்டை ஏற்றி வைத்து, கையை ஆட்டி ஆட்டி மெதுவாக ஒட்டிக்கொண்டு போனார். அளவு மீறிச் சூடு ஏறினால் எப்பேர்ப்பட்ட கம்பியும் குளிரில் பலம் இழந்துவிடும். தட்டு உடைந்தால், 'இவன் கை போச்சு' என்று ஸ்டோருக்குத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தார்.

தட்டு உடைந்தது. ஆனால் அதில் இருந்தது என் நம்பர். என் சோதனைக் கெடு முந்திவிட்டதென்று ஃபோர்மேன் யாரிடமும் சொல்லாமல் மாற்றி அடித்திருந்தார்.

என் வெல்டர் அட்டையைப் பிடுங்கி வெளியே உட்கார வைத்தார்கள். மறுசோதனை ஒன்றுதான், அதுவும் போனால் வேலை போகும். ஷெட்டுக்குப் பின்னால் மாமாவை மடக்கி, "ஏன் மாமா என் சோத்துல மண்ணள்ளிப் போட்டீங்க?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"மறுபடியும் போடற தட்டை நானே போடறேன்," என்றேன்.

"நீ போட்டா உடையும்டா."



ஃபோர்மேனுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. மாமாவிடம் வந்து தணிந்த குரலில், "இனிமே எந்தத் தட்டுல யார் நம்பர்னு முன்னாடியே சொல்ல மாட்டேன். ஒண்ணு உடைஞ்சா உன் மச்சானோடதா இருந்தாலும் இருக்கும், பாத்துக்க," என்றார்.

மறுசோதனைத் தட்டையும் மாமாவே ஒட்டினார். வரி வரியாக, ஒடுக்கமாக, கோடு போட்ட மாதிரி. எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். தட்டு தேறியது. இன்ஸ்பெக்டர் என் கையைக் குலுக்கி, "நல்ல கைங்க உங்களுக்கு," என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்: "ஸ்டோர் வேலை என்னங்க ஆச்சு?"

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"வேற ஆள் எடுத்துட்டாங்க," என்றார்.