நூறு கிலோ பிரியாணியும் எட்டாம் நம்பர் பெட்டியும்

தப்பு செய்தது நீங்கள்தான், ஜி.எம். சார். என் சமையல் மாஸ்டர் இல்லை. நான் இல்லை. உங்களிடம் வேலை பார்க்கும் அந்த எச்.ஆர். பையன்கூட முழுசாக இல்லை. 'நூறு கிலோ சிக்கன் பிரியாணி' என்று வந்த ஆர்டருக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து.

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏன் எழுதவில்லை என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். கோபத்தில் இருந்தேன். கோபத்தில் எழுதினால் ஆசிரியர் பாதியை வெட்டிவிடுவார். இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது... பாதி போனாலும் மீதி நிற்கும்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம். பெரிய எக்ஸ்போர்ட் ஆர்டர் ஒன்றை நேரத்துக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் தொழிலாளர்களுக்கு ஒரு மதியச் சாப்பாடு. நல்ல காரியம்தான். சமையல் என்னிடம் வந்தது.

எங்கள் ஊரில் பிரியாணியைக் கிலோவில் சொன்னால் அது அரிசிக் கணக்கு. பத்து கிலோ பிரியாணி என்றால் பத்து கிலோ சீரகச் சம்பா, அதற்குச் சரியாகப் பத்து கிலோ கறி. வெந்து இறங்கும்போது முப்பது கிலோவாவது நிற்கும். ஆம்பூரில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சென்னையிலிருந்து புதிதாக வந்த எச்.ஆர். விக்னேஷுக்கு யார் சொல்வது? அவர் கால்குலேட்டரை எடுத்தார். ஆளுக்கு முன்னூறு கிராம் என்று போட்டார். தட்டில் விழும் பிரியாணியின் எடையைக் கூட்டி 'நூறு கிலோ' என்று எழுதிவிட்டார்.

நான் கேட்காமல் விடுவேனா? போன் போட்டேன்.

"நூறு கிலோன்னு போட்டிருக்கீங்க தம்பி. எத்தினி பேரு சாப்பிடுவாங்க?"

"ஹெட் கவுன்ட் கான்ஃபிடென்ஷியல் மேடம். வெளிய சொல்லக் கூடாதுன்னு ஜி.எம். சொல்லிருக்காரு."

"நான் இன்னா தம்பி, லேபர் ஆபீசா? சோறு போடறவ."

"ஆர்டர்ல இருக்கறத மட்டும் பண்ணுங்க மேடம், ப்ளீஸ்."

தலை எண்ணிக்கையை ரகசியமாக வைத்துக்கொண்டு விருந்து வைப்பவர்களை இத்தனை வருடத் தொழிலில் பார்த்ததில்லை. சரி, எல்லா யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு எப்படி நினைப்பது?

அன்றைக்கு இரண்டு வண்டி நிறைய டேக்சாக்களோடு போய் இறங்கினோம். டேக்சா என்றால் ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய பிரியாணிப் பாத்திரம். அவற்றைப் பார்த்ததும் விக்னேஷின் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம்... இது எல்லாமே எங்களுக்கா?"

என் மாஸ்டர் ஜமீல் பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பின்ன? நூறு கிலோ கேட்டீங்களே சார்."

"நூறு கிலோன்னா... மொத்தமா வெயிட் போட்டா நூறு வரணும்ல?"

"பிரியாணிய எவன் சார் தராசுல வெப்பான்? அரிசியத்தான் வெப்பாங்க!"

சாப்பிட இருந்தவர்கள் முன்னூற்றைம்பது பேர். நாங்கள் கொண்டுபோனதில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்குப் போதும்.

விக்னேஷ் ஓரமாகப் போய் ஜி.எம்.முக்குப் போன் செய்தார். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முன்னூத்தம்பது பிளேட்டுக்குத்தான் பில் பாஸ் பண்ணுவாராம் மேடம். மீதிய நீங்க ரிட்டர்ன் எடுத்துக்கச் சொல்றாரு."

ரிட்டர்ன்! தம் உடைத்த பிரியாணி என்ன, அளவு பத்தாத செருப்பா?

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். கோழிக்கடையில் கடன் சொல்லித்தான் அவ்வளவு கறி எடுத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் ஒரு சர்ச் கல்யாணம். பெண் நர்ஸ். அப்பா இல்லாத வீடு. அவளே சேர்த்து வைத்த பணத்தில் தன் கல்யாணச் சாப்பாட்டுக்கு எனக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். அதற்கும் இதே கடைதான் கறி தர வேண்டும். பழைய பாக்கி நின்றால் புதுச் சரக்கு வராது, அதில் கடைக்காரர் கறார். அந்தப் பெண்ணின் பந்தியில் நான் என்ன பரிமாறுவது, தயிர்ப் பச்சடியை மட்டுமா?

ஆத்திரத்தில் கத்தினேன். நன்றாகவே கத்தினேன். விக்னேஷ் தலையைக் குனிந்து நின்றார். திட்ட வேண்டிய ஆள் ஏசி ரூமில் இருக்க, கிடைத்தவனைத் திட்டுவதும் ஒரு பிழைப்பா என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்போது தட்டோடு வந்து நின்றாள் ரேவதி. தையல் லைனில் வேலை செய்பவள். ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். இரண்டாவது தடவை வாங்க வந்தவள்.

"இன்னாக்கா, சோறு போட்டுனே சண்டை போடற? எங்களுக்குச் செரிக்க வேணாமா?"

சொன்னேன். டேக்சாக்களை எட்டிப் பார்த்தாள். "இவ்ளோவா! பேஜார்தான்... அப்ப வீட்டுக்கு எடுத்துனு போறோம், விடு."

"எடுத்துனு போங்கடி. குப்பைக்குப் போறதுக்கு உங்க புள்ளைங்க துன்னட்டும்."

"சும்மாவா? சும்மா எடுத்துனு போனா நாளைக்கு எங்களத்தான் அலையறாளுங்கன்னு சொல்லுவாங்க. உனக்கு அடக்கம் இன்னா, அத்த சொல்லு."

அடக்க விலை. லாபம் சேர்க்காத விலை. எத்தனையோ பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைத்திருக்கிறேன். 'எவ்வளவு குறைப்பீங்க' என்றுதான் கேட்பார்கள். 'உனக்கு எவ்வளவு ஆனது' என்று என்னிடம் கேட்டவள் இவள் ஒருத்திதான்.

அரிசி, கறி, எண்ணெய், விறகு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஜமீல் பாய் குறுக்கே வந்தார். "மீதி டேக்சாவுக்கு எங்கூலிய சேக்காத மா." நான் முறைத்தேன். "முறைச்சா மட்டும் சேத்துடுவியா?" என்றார்.

ரேவதி போய் லைன் லைனாகச் சொன்னாள். பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்கு நேரமே தரவில்லை.

"யக்கா, கறி கம்மியா இருந்தா காசும் கம்மிதான்!"

"எனக்கு லெக் பீஸ் ஜாஸ்தி போடு, மாமியா இருக்குது."

"மாமியாளுக்கு லெக் பீஸாடி? எலும்பே போதும்!"

வாங்கிப் போகப் பாத்திரம்? கையில் இருந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டு டப்பாக்கள். பாக்கிங் பிரிவிலிருந்து ஒருத்தி ஷூ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அச்சு சரியாக விழாததால் ஒதுக்கி வைத்த புதுப் பெட்டிகள். விக்னேஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புறம் மூடிக்கொண்டார். மூடியதோடு நிற்காமல், சட்டைக் கையை மடித்துவிட்டுப் பெட்டிக்குள் வாழையிலை போட ஆரம்பித்தார். அதற்காக அந்தப் பிள்ளையை மன்னித்தேன்.

பெட்டியின் பக்கவாட்டில் சைஸ் அச்சடித்திருந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா?

"எனக்கு எட்டாம் நம்பர் குடுக்கா!"

"நாலு பேர் வீட்டுக்கு எட்டா? உனக்கு ஆறே லூசா இருக்கும், போடி!"

ஷிப்ட் முடிந்தது. இப்போது கேட். தோல் கம்பெனியில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: வெளியே போகும்போது ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு துண்டுத் தோல்கூட வெளியே போகக் கூடாது. ஷூ கம்பெனி கேட்டில் முன்னூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஷூ பெட்டியோடு வரிசையில் நின்றால் செக்யூரிட்டியின் கதி என்ன?

"இன்னாம்மா இது? கம்பெனிய தூக்கினு போறீங்களா?" என்றார் அவர்.

ரேவதி பெட்டியைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "நல்லாப் பாத்துக்கோண்ணா. இது பீஸ்தான். ஆனா லெதர் பீஸ் இல்ல, கறி பீஸ்."

அவரும் விடவில்லை. ரூல் என்றால் ரூல். ஒவ்வொரு பெட்டியையும் திறக்கச் சொன்னார். பார்த்தார். முகர்ந்தார். மூடச் சொன்னார். கடைசியில் பூத்துக்குள் போய்த் தன் டப்பாவையும் காசையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

டேக்சாக்கள் காலி. ஜமீல் பாய் ஒன்றைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார்.

அன்றைக்கே கோழிக்கடைப் பாக்கியை அடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காட்பாடியில் கறி வந்தது, கல்யாணம் நடந்தது. பந்தி ஓயும்வரை அந்த நர்ஸ் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "சாப்ட்டீங்களா, சாப்ட்டீங்களா" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும், அவள் கல்யாணப் பந்தி யாரால் நடந்ததென்று.

கேட்டரிங் தொழிலில் செலவை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எழுதச் சொல்லி வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எண்ணெயில் மிச்சம் பிடிக்கலாம், விறகில் பிடிக்கலாம். ஆனால் எத்தனை பேர் என்று சொல்லாதவர் வீட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். இப்போது நான் மூட்டுவதில்லை. இதற்கு மேல் எனக்கு யோசனை சொல்லத் தெரியாது.

தையல் லைன் பெண்களே, நீங்கள் அன்றைக்கு வாங்கியது பிரியாணி மட்டும் இல்லை. என் அடுப்பையும் சேர்த்து வாங்கிக் காப்பாற்றித் திருப்பிக் கொடுத்தீர்கள். நன்றி என்ற சொல் எனக்கு வாயில் சுலபமாக வராது. அதனால் அச்சில் போடுகிறேன். நன்றி. ரேவதி, உன் மகள் கல்யாணத்துக்கு எத்தனை கிலோ என்றாலும் அடக்க விலைதான். இதையே பத்திரமாக வைத்துக்கொள்.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று விக்னேஷ் எனக்கு ஒரு படம் அனுப்பினார். கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். கேட் வாசலில் அந்தப் பெண்கள், கையில் பெட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில்: 'ஒரு பருக்கை உணவும் வீணாகாமல் தொழிலாளர் குடும்பங்களுக்கு வழங்கி மகிழ்ந்தோம்.'

வழங்கினீர்களா?

ஜி.எம். சார், எனக்குப் போன் செய்ய வேண்டாம், ஆள் அனுப்ப வேண்டாம். எல்லோரும் பார்க்கிற அதே படத்துக்குக் கீழே, உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்: அந்தப் பெட்டிகளுக்குக் காசு கொடுத்தது யார்?