ஜட்ஜ் லுக்கும் சாம்பார் வாளியும்

ஓய்வு பெற்ற பிறகு என் கணவர் செய்த காரியங்களில் ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது காலை நடை மட்டும்தான். அசோக் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் தன்னைப் போன்ற நாலைந்து பேரோடு சுற்றுவார். நாட்டை யார் எப்படி ஆளவேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, பசியோடு வீட்டுக்கு வருவார். அந்தப் பூங்காவில்தான் ஏஜென்ட் ஒருவர் அவரைப் பிடித்தார். சினிமாவுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுப்பவர். கல்யாணமோ, கோர்ட்டோ, ஆஸ்பத்திரியோ, எந்தக் காட்சியானாலும் பின்னால் உட்காரவும் நிற்கவும் ஆள் கொண்டுபோவது அவர் வேலை.

“அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா?” செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார் இவர். “எனக்கு ஜட்ஜ் லுக் இருக்காம்.”

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் ஒரு கோப்பில் கையெழுத்துப் போடுவதற்குள் பக்கத்து மேஜை, எதிர் மேஜை எல்லாரையும் யோசனை கேட்டவர் இவர். தீர்ப்பு சொல்லும் முகம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிப் பார்த்தேன். நல்ல சிவப்பு நிறம். பஞ்சுபோல வெள்ளை முடி. மூக்குக் கண்ணாடி. அவ்வளவுதான். நம் ஊர் சினிமாவில் நீதிக்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது.

“மயிலாப்பூர்ல ஒரு கல்யாண மண்டபம். ஒரு நாள் வேலைதான். பொண்ணு வீட்டுப் பெரியவங்களா பந்தியில உக்காரணும். ஜோடியா வந்தா நல்லதாம். நீயும் வாயேன்.”

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் படப்பிடிப்பை ஒருமுறை கிட்டே இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். பட்டுப்புடவை நாமே கொண்டுவரவேண்டும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். என் பெண் கல்யாணத்துக்கு தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டம்மாளே விளிம்பைத் தொட்டுப் பார்த்த புடவை அது. பள்ளியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் வாங்கியவற்றில் இதுதான் நல்ல புடவை.

காலையில் நாங்கள் போனபோது மண்டபத்தின் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்தில், பெரிய கூட்டம் நின்றிருந்தது. கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஓர் உதவி இயக்குநர் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் படித்து முடித்துப் போனவர்களைவிட வயது குறைவாக இருக்கும். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்கள்கூட ஒரு முறை புரட்டிப் பார்ப்பார்கள். இந்த உதவி இயக்குநர் அதையும் செய்யவில்லை. விரலை நீட்டிக்கொண்டே நடந்தார்.

“ரிச்... ரிச்... லோக்கல்... லோக்கல்... சார் நீங்க ரிச், முன்னாடி போங்க. இந்தம்மா சமையல்.”

இந்தம்மா என்பது நான்தான். அரக்குப் பட்டு, கழுத்தில் இரட்டை வடம், தலையில் பூ எதுவும் அவர் கண்ணில் படவில்லை. என் கறுப்பு மட்டும்தான் பட்டது.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “தம்பி, இவங்க என் ஒய்ஃப்” என்றார். வங்கியில் டோக்கன் தொலைத்தவர் பேசுகிற குரல்.

“இருக்கட்டும் சார். ஆனா ஸ்க்ரீன்ல மேட்ச் ஆகாது. லைட்டிங் ப்ராப்ளம் வரும்.”

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எங்கள் இருவருக்கும் என்னென்னவோ பிரச்சினை வந்திருக்கிறது. லைட்டிங் பிரச்சினை என்று யாரும் சொன்னதில்லை. ஊரில் பாதிக் குடும்பத்தில் புருஷன் ஒரு நிறம், பெண்டாட்டி ஒரு நிறம்தான். இவர்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். வீட்டில் பார்ப்பதைத் திரையில் பார்த்தால் மட்டும் கண் கூசுகிறது போலும்.

ஏஜென்ட் ஓடிவந்து என்னைச் சமாதானம் செய்தார். “இன்னாம்மா நீங்க, இதுக்குப் போயி கோச்சிக்கினு. பந்தில பரிமார்ற கேரக்டர் சும்மாவா? கேமராவுக்குக் கிட்ட கீது. சாரு உக்காந்தே இருப்பாரு, நீங்கதான் நடந்துகினே இருப்பீங்க. உங்களதுதான் வெய்ட்டு.”

இவருக்கு வேறு ஒரு மனைவி தேவைப்பட்டாள். வரிசையிலிருந்து சிவப்பாக, ஒல்லியாக ஒரு பெண்ணைக் கூப்பிட்டு இவர் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாற்பது வயது இருக்கும். “பக்கா ஜோடி” என்றார் உதவி இயக்குநர். அவள் கட்டியிருந்த நைலான் புடவைதான் சரியில்லை. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. உடைகளைப் பார்த்துக்கொள்ளும் காஸ்ட்யூமர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் கண் என் மேல் வந்து நின்றது. முகத்தில் அல்ல, புடவையில்.

“அம்மா, உங்களுக்கு எப்படியும் காட்டன்தான். இத அந்த மேடத்துக்குக் குடுத்தீங்கன்னா... ஒரே ஒரு ஷாட்தாம்மா.”

நான் கணவரைப் பார்த்தேன். இந்த இடத்திலாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

“குடேன்” என்றார். “ஒரு ஷாட்டுதானே.”

எல்லோரும் சீக்கிரம் சீக்கிரம் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் நமக்கே நாம்தான் தாமதம் செய்கிறோமோ என்று தோன்றிவிடும். மணமகள் அறையில் புடவையை அவிழ்த்துக் கொடுத்தேன். எனக்கு ஒரு சாயம்போன நூல் புடவை வந்தது. எத்தனை சமையல்காரிகள் வேஷத்தில் அது நைந்ததோ. மேக்கப்காரர் என் முகத்தில் எதையோ தடவினார். கண்ணாடியில் பார்த்தால் இன்னும் ஒரு படி கறுத்திருந்தேன். கடவுள் கொடுத்தது இவர்களுக்குப் போதவில்லை.

அந்தப் பெண் என் புடவையைக் கட்டிக்கொண்டு கொசுவத்தைப் பிடித்தபடி தயங்கி நின்றாள். “அக்கா, இது உன் பொடவையா? எனுக்கு வேற இன்னா குடுத்தாலும் கட்டிக்குவேன். இத்த கட்டிக்கினு நடக்கவே பயமா கீது.” என் பெண் கல்யாணத்துக்குக் கட்டியது என்று சொன்னேன்.

அவள் முன்பு ஆற்றோரத்தில், கோட்டூர்புரத்துப் பக்கம், குடிசையில் இருந்தவள். அதை எடுத்துவிட்டு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்திருக்கிறார்கள். விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்திருந்தாள். நல்ல நிறம் என்பதால் சினிமாவில் எப்போதும் பணக்காரிதானாம். “நெஜத்துல தண்ணி புடிக்க மூணு மாடி எறங்கணும்க்கா” என்று சிரித்தாள்.

பந்தி ஆரம்பித்தது. இலை போட்டு, ஆறிப்போன சோறு, சுண்டிய கூட்டு, எண்ணெய் வடிந்த வடை எல்லாம் வைத்தார்கள். யாரும் சாப்பிடக்கூடாது, சாப்பிட்டால் அடுத்த ஷாட்டில் இலையில் அளவு மாறிப்போகுமாம். கையைச் சோற்றில் வைத்து, வாய்வரை கொண்டுபோய், சிரித்து, திரும்ப இறக்கவேண்டும். பெரிய மனிதர்கள் எல்லோரும் பொம்மைகளைப் போலக் கையை ஏற்றி இறக்கினார்கள். நான் சாம்பார் வாளியோடு வரிசையில் நடந்தேன்.

இவர் இலைக்கு முன்னால் வந்தபோது இவருக்குள் இருந்த நடிகர் விழித்துக்கொண்டார். “ஏம்மா, இங்க கொஞ்சம் சாம்பார் விடு” என்றார், கண்ணை நிமிர்த்தாமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம், “உனக்கு வேணுமா?” என்று குழைவாக வேறு கேட்டார். வீட்டில் என்னிடம் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

“கட்! சார், உங்களுக்கு டயலாக் கிடையாது!” என்று மைக்கில் சத்தம் வந்தது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி. ஒவ்வொரு முறையும் வேறு யாருடைய குற்றத்தாலோ நின்றது. எனக்கிருந்த கவலை ஒன்றுதான். அந்தப் பெண்ணின் இலையில் ஊற்றும்போது ஒரு சொட்டுகூட மடியில் விழுந்துவிடக் கூடாது. கரண்டியை இலையோடு ஒட்டவைத்து ஊற்றினேன். அவளும் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். எங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. “அந்தச் சமையல் அம்மா ரொம்ப நேச்சுரலா பண்றாங்க” என்று யாரோ பாராட்டினார்கள்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நகைச்சுவை நடிகர் வரவில்லையாம். மின்விசிறிச் சத்தம் ஒலிப்பதிவில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். இலையில் ஈ மொய்த்தது. பசியோடு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பந்தியைப்போல் ஒரு அசிங்கத்தை நான் பார்த்ததில்லை. இவர் மட்டும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார், கேமரா எந்த நொடியும் தன்னைப் பார்க்கலாம் என்பதுபோல.

மதியத்துக்கு மேல் நகைச்சுவை நடிகர் வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போதுதான் உதவி இயக்குநர் எனக்குக் காட்சியை விளக்கினார்.

“அம்மா, காமெடி சார் ஓடி வந்து உங்க மேல மோதுவார். நீங்க தடுமாறி வாளிய அப்படியே இவங்க ரெண்டு பேர் மேலயும் கவிழ்க்கணும். தலையிலருந்து மடிவரைக்கும். நல்லா ஃபுல்லா.”

“யார் மேல?”

“இந்த ஜோடி மேலதான்.”

“அந்தப் புடவை என்னுது.”

“காமெடிம்மா. தியேட்டரே சிரிக்கும்.”

“என் புடவை மேல நானே சாம்பார் ஊத்தினா யார் சிரிப்பாங்க? ஒரு ஷாட்டுன்னு வாங்கினப்ப இது தெரியும்தானே உங்களுக்கு?”

காஸ்ட்யூமர் தலையைச் சொறிந்தார். தெரியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நான் வாளியைத் தரையில் வைத்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல் எனக்கு. ஓய்வு பெற்றும் அது போகவில்லை. “புடவை கைக்கு வந்தாத்தான் நான் இந்த இடத்தைவிட்டு நகருவேன்” என்றேன். மானிட்டருக்குப் பின்னாலிருந்து இயக்குநர் எழுந்து பார்த்தார்.

இவர் இலை முன்னால் உட்கார்ந்தபடியே, “ஏய், விடேன். எல்லாரும் பாக்கறாங்க. டிரை வாஷ் குடுத்துக்கலாம்” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். “இன்னா சார் பேசற? பொண்ணு கல்யாணத்துக்குக் கட்டின பட்டு அது. உன் வேட்டிய குடு, டிரை வாஷுக்கு.” உதவி இயக்குநர் பக்கம் திரும்பி, “நைனா, நான் போய் மாத்திக்கினு வரேன். இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணமகள் அறைக்குப் போனாள். அன்று அந்த மண்டபத்தில் எனக்காகப் பேசிய ஒரே ஜீவன் என் கணவரின் சினிமா மனைவிதான்.

புடவை திரும்பி வந்தது. மடித்துப் பையில் வைத்தேன். எனக்குப் பதிலாக வேறு யாரிடமோ வாளியைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணையும் வரிசையைவிட்டு எடுத்துவிட்டார்கள், திமிர் பிடித்தவளாம். நாங்கள் இருவரும் பக்கவாட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து முறுக்குப் பொட்டலம் எடுத்தாள்.

இனி சாம்பாரில் நனைவதற்கு ஜட்ஜ் மட்டும்தான் மிச்சம். முதல் முறை ஊற்றியபோது நகைச்சுவை நடிகர் வசனத்தை மறந்தார். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார்கள். இரண்டாவது முறை கேமரா குலுங்கியது. அதற்கப்புறம் நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வெள்ளை முடியில் முருங்கைக்காய்த் துண்டு ஒன்று நின்றது. “அது நல்லாருக்கு, எடுக்காதீங்க!” என்று மைக்கில் கத்தினார்கள். இவர் அப்படியே ஆடாமல் இருந்தார். கண்ணாடி வழியே என்னைத் தேடினார் என்று நினைக்கிறேன். நான் முறுக்கைக் கடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினோம். ஆட்டோக்காரர் ஒரு முறை திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். பாதி வழியில் இவர் பேசினார். “நீ காலையில முகத்துக்குக் கொஞ்சம் பவுடராவது போட்டுட்டு வந்திருக்கலாம். பக்கத்துல உக்கார வச்சிருப்பாங்க.”

தவறு எங்கே நடந்தது என்று நாள் முழுக்க யோசித்து அவர் கண்டுபிடித்தது அது. அவர் மேல் அடித்த பெருங்காய வாசனைக்கு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்று தன் வேட்டியைத் தானே துவைத்துக்கொண்டார். மஞ்சள் போகவில்லை.

சில மாதங்கள் கழித்துப் படம் வந்தது. பூங்கா நண்பர்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார். பந்தி வந்தது. வாளி கவிழ்ந்தது. கண் சிமிட்டும் நேரத்துக்கு இவர் முகம், முருங்கைக்காயோடு. தியேட்டரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் சிரித்தேன். அடக்கப் பார்த்தும் முடியாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். பூங்கா நண்பர்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். இவர் இடைவேளைவரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். போன வாரம் ஏஜென்ட் போன் செய்திருக்கிறார். இந்த முறை நிஜமாகவே ஜட்ஜாம். கோர்ட் காட்சி, மேஜையில் ஒரு தட்டு தட்டவேண்டுமாம். இரண்டு நாளாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் தலையை அசைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“வெள்ளைச் சட்டைய கொஞ்சம் இஸ்திரி போட்டுக் குடேன்” என்றார் நேற்று.

இஸ்திரிப் பெட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நான் பேப்பரைப் புரட்டினேன்.