கீழே இறங்காத தண்ணீர்

உனக்கு வேறு வேலை இல்லையா? ஒரு கிழவி கொம்பியூட்டரில் எதை உடைத்தாள் என்று தெரிந்து எந்தக் கறிக்குள் போடப் போகிறாய்? என் மகளிடம் கேட்டது போதாதென்று இப்போது என்னிடமும் வந்து நிற்கிறாய். சரி, இரு. சிரித்தாயோ, பாதியில் நிறுத்திவிடுவேன்.

என் மருமகன் அதிகம் கதைக்காத மனுசன். அவருக்குக் கனடாவில் ஒரு தம்பி. நாட்டுச் சண்டை முடிந்து ஆளுக்கொரு பக்கம் போனபிறகு இரண்டு பேரும் நேரில் கண்டதே இல்லை. போனில் பேசினால், "சாப்பிட்டியோ?" "ஓம்." "குளிரோ?" "ஓம்." அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் அந்த விளையாட்டுக்குள் இறங்கினால் மட்டும் இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. சதுரக் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டுகிற விளையாட்டு. அதன்மேல் 'மொட்' என்று ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பூட்டினால் பொயிலர், மெசின், பைப், தண்ணீர்த் தாங்கி எல்லாம் கூடவே வந்துவிடும். அதை வைத்து அண்ணனும் தம்பியும் ஒரு தொழிற்சாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் தம்பி தனக்கென்று ஒரு வீடு, நீலக் கதவு வைத்து.

வருகிற ஞாயிறு ஒரு பெரிய மெசினைச் சேர்ந்து ஓடவிடுவதென்று ஏற்பாடு. அதற்குப் பெட்டி பெட்டியாக இரும்பு அரைக்க வேண்டும். உள்ளே ஆள் நின்றால்தான் அரைபடும், ஆள் வெளியே வந்தால் அந்த உலகமே உறங்கிவிடும். மருமகன் விடியச் சியாகுல்லித் தோட்டத்துக்கு மந்தரின் தோடம்பழம் பிடுங்கப் போனால் பொழுதுபடத்தான் வருவார். மகள் பலெர்மோ நகருக்குள், பொலிதேயாமா பக்கம், ஒரு இத்தாலியக்கார சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. வீட்டில் இருப்பது நானும் என் முழங்கால் நோவும்.

"மாமி, சும்மா பாத்துக்கொண்டிருந்தாக் காணும். பொயிலரிலை இந்த நீலக் கோடு பாதிக்குக் கீழை வந்தா வாளியாலை தண்ணி ஊத்துங்கோ."

"ஓம்."

"முழுக்க வத்தினா மட்டும் ஊத்தாதேங்கோ. நெருப்பை எடுத்து, ஆறவிட்டுத்தான் ஊத்தோணும்."

"ஓம், ஓம். நான் காணாத அடுப்பே?"

"அந்தப் பச்சை அட்டையளைத் தொடாதேங்கோ."

அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அந்த அட்டைகளைக் கண்டிருக்கவே மாட்டேன்.

இரண்டு நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மெசின் ஒவ்வொரு கட்டியாய் மென்று மென்று துப்பியது. அதற்குள் மிளகாயை அம்மியில் வைத்து நான் மூன்று தரம் அரைத்திருப்பேன். இந்தப் போக்கில் போனால் ஞாயிறு வரும், இரும்பு வராது. புதன்கிழமை அந்தப் பச்சை அட்டை கிடந்த பெட்டியைத் திறந்தேன். மெசினின் விலாவில் அட்டை செருகுகிற ஓட்டைகள் நாலு. ஒன்றைச் செருகினேன், வேகம் கூடியது. பிறகு என்ன, நாலையும் செருகினேன்.

பின்னேரம் மருமகன் இரும்புப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "மாமி, நல்லா அரைபட்டிருக்கே!" என்றார்.

"நான் பாத்துக்கொண்டிருந்தனான் எல்லோ, அந்தப் பயத்திலை அரைச்சிருக்கும்."

வியாழக்கிழமைதான் வினை தொடங்கியது. வேகமாய் அரைக்கிற மெசினுக்குக் கரண்ட் கூட வேண்டுமாம். கரண்டுக்காகப் பொயிலர் விழுந்து விழுந்து தண்ணீர் குடித்தது. குளத்திலிருந்து வந்த மெல்லிய பைப் போதவில்லை. வாளி, ஓட்டம், வாளி, ஓட்டம். மவுஸை அமத்தி அமத்தி விரல் வீங்கிப்போனது.

நாங்கள் இருக்கிற கால்சாப் பகுதியில் வீட்டுக்கு எல்லா நாளும் தண்ணீர் வருவதில்லை. வருகிற நாளில் மாடித் தாங்கி நிரம்பும், பிறகு குசினியில் குழாயைத் திறந்தால் கொட்டும். இது தெரியாதவள் பலெர்மோவில் குடியிருக்க முடியாது. ஆகவே நான் ஒரு கோபுரம் கட்டினேன். உச்சியில் தாங்கி. ஏறி இறங்கி வாளி வாளியாய் நிரப்பி, அங்கிருந்து பொயிலர்வரை பைப் இழுத்தேன்.

ஒரு சொட்டு வரவில்லை.

பைப்பை மாற்றினேன். தடித்த பைப் போட்டேன். கோபுரத்தை இன்னும் உயர்த்தினேன். ஏசினேன், கும்பிட்டேன், கொம்பியூட்டரின் தலையில் தட்டியும் பார்த்தேன். அது கல்லுப்போல நின்றது.

வெள்ளிக்கிழமையும் அந்தப் பைப்போடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பினால், பொயிலரில் நீலக் கோடே இல்லை. "ஐயோ, தண்ணி! நெருப்பு!" என்று கத்திக்கொண்டு வாளியைத் தூக்கி அப்படியே ஊற்றினேன். காய்ந்த மண்சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற பெண்ணை நான் என்ன பேச்சுப் பேசியிருப்பேன்! அதைத்தான் செய்தேன்.

வெடித்தது. புகை அடங்கிப் பார்த்தால் பொயிலர் இல்லை, மெசின் இல்லை, நிலத்தில் பெரிய பள்ளம் ஒன்று. தம்பியின் வீட்டில் நீலக் கதவு மட்டும் சுவரில்லாமல் தனியே நின்றது. என் கோபுரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. உச்சியில் தாங்கி நிறையத் தண்ணீர்.

மருமகன் மந்தரின் தோல் மணக்கிற கையோடு வந்து பார்த்தார்.

"தானா வெடிச்சது," என்றேன்.

"பச்சை அட்டை நாலும் தானா நடந்து போச்சுதோ, மாமி?"

அவர் சாப்பிடவும் வரவில்லை. "மூண்டு மாசமா அந்த வீட்டைக் கட்டினவன். இனி அவன் வருவானோ தெரியேல்லை," என்றார். தம்பியைப் பற்றி அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாய் ஒரு கதை நான் கேட்டதில்லை.

ஞாயிறு தம்பி வந்ததும், காதில் மாட்டுகிறதை மருமகனிடமிருந்து பறித்து நானே மாட்டினேன். "தம்பி, உம்மட வீட்டை நான்தான் உடைச்சனான்."

"மாமி, எங்கட வீடு உடையிறது இது முதல்தரமே? உள்ளுக்கை ஒருத்தரும் இல்லைத்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரிய மெசின் அன்றைக்கு ஓடவில்லை. பொழுதுபடும்வரை இருவரும் சுவர் அடுக்கிக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். புதுப் பொயிலர் வைத்ததும் மருமகன் என் தாங்கியடிக்குப் போய், பைப்பின் வாயில் பைப் திருகுகிற சாவியால் ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர் ஓடியது. அங்கே தண்ணீருக்கு மேல் கீழ் தெரியாதாம், 'இழு' என்று பைப்புக்குச் சொல்ல வேண்டுமாம். ஒரு தட்டு! அதற்கு நான் இரண்டு நாள் கோபுரம் ஏறினேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளிக்கிழமை நான் போட்ட கூச்சல் படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கிறது. கீழ்வீட்டு சிஞ்ஞோரா ஓடி வந்து என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இத்தாலியனில், மருமகனின் தம்பி, வீடு, வெடி, முடிந்தது என்றேன், விளையாட்டு என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆர் செத்தது என்று கேட்டாள். ஒருத்தரும் இல்லை என்றேன். அடுத்த நாள் கத்தரிக்காய் போட்ட பாஸ்தா ஒரு தட்டம் நிறைய வந்தது. நான் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை, ஆகவே சாப்பிட்டோம்.

பிறகும் படிக்கட்டில் கண்டால் அந்த வீடு என்னவாயிற்று என்று விசாரிப்பாள். சுவர் எழும்பிவிட்டது, மேலே தாங்கியும் வைத்தாயிற்று, தண்ணீர் நாள் தவறாமல் வருகிறது என்று சொன்னேன். அங்கேயாவது வருகிறதே என்று பெருமூச்சு விட்டாள், வெறும் வாளியோடு.