ஒட்டுப்போட்ட இடம்

தச்சரின் மனைவி தையல்காரி. அவருடைய பட்டறைக்கும் அவளுடைய தையல் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ரம்பம் ஓடினால் இந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றுவிடும். "புருஷன் மரம் அறுக்குற வரைக்கும் நம்ம சட்டைக்குக் கை வராது" என்று துணி கொடுத்தவர்கள் கேலி பேசுவார்கள்.

பேசட்டும். அவளுக்கு வேண்டியது ஒரு சத்தம். கையில் பிடித்து அறுக்கும் அந்த வட்ட ரம்பத்தின் அடியில் ஒரு மூடி உண்டு. பலகையில் ஏறும்போது ஒதுங்கிக்கொள்ளும். வெளியே வந்ததும் 'டக்'கென்று பல்லை மூடிவிடும். விசையை விட்ட பிறகும் ரம்பம் கொஞ்ச நேரம் சுற்றத்தானே செய்யும்? அந்த 'டக்' கேட்ட பிறகுதான் அவள் கால் பெடலை மிதிக்கும்.

அன்று காலை அது கேட்கவில்லை. அடுத்த அறுப்புக்கும் கேட்கவில்லை. எழுந்து போனாள்.

கதவு ஓரங்களில் மெலிசாகச் சீவுகிற வேலை. மூடி அடிக்கடி மாட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறதென்று, கூட வேலை செய்யும் அவள் தம்பி அதைத் தூக்கி நிறுத்தி ஒரு மரச்சில்லைச் செருகியிருந்தான். பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு. எடுடா என்றாள். மாமாவுக்கே இல்லாத பயம் உனக்கு எதுக்கு என்றான்.

"நாலு கதவுதான், முடிஞ்சதும் எடுத்துடறேன்," என்றார் தச்சர். "கை ரெண்டும் மெஷின் மேலதானே இருக்கு?"

"நான் கையைச் சொல்லலைங்க. அறுத்து முடிச்சதும் மெஷினைத் தொடையில சாய்ச்சுக்குவீங்களே, அதைச் சொல்றேன்."

"நானா? எப்போ?"

அவர் பொய் சொல்கிற ஆளில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பேண்ட் எல்லாம் வலது தொடையில் ஒரே இடத்தில் நைந்துபோகும். அவள்தான் கெட்டித்துணி வைத்து ஒட்டுப்போடுவாள். ஒட்டைத் தொட்டுக் காட்டினாள். பலகை சுமந்து தேய்ந்தது என்றார். தம்பி சிரித்தான். அவனுக்கு எதிரில் புருஷனோடு மல்லுக்கட்ட மனம் வராமல் திரும்பிவிட்டாள்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். இந்த நேரத்தில் இந்தப் பழமொழிதானா நினைவுக்கு வர வேண்டும் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. பாதி தைத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் ரம்பம் உறுமியது, மரத்தைக் கடித்தது, வெளியே வந்தது. சத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. அடுத்த கதவைத் திருப்பிப் போடும்படி அவர் தம்பியிடம் சொல்வது கேட்டது. அப்புறம் துணி கிழிந்தது. அந்தச் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓடினாள். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒட்டைக் காணோம். கையிலிருந்த சட்டையைத் தொடையில் சுற்றி, பலம்கொண்ட மட்டும் இறுக்கினாள். சட்டை சிவந்துகொண்டே வந்தது.

"நான் சாய்க்கவே இல்லையே," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்த்து.

அவளுக்குப் பின்னால் தம்பி அந்த மரச்சில்லைப் பிடுங்கினான். டக்.