நானூறு மீட்டரும் ஒரு டிஷ்ஷும்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் டிஷ்காரர் என்றுதான் பேர். இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியில் நின்று, கீழே பார்த்து "வந்துச்சா?" என்று கேட்பதே பிழைப்பு. மகள் ஓடிய பந்தயம் ஒன்றைக்கூட இந்த மனுஷன் பார்த்ததில்லை. கேட்டால், "மழை பெஞ்சா போதும், எல்லார் வீட்டு டிவியும் என்னத்தான் தேடுது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவள் முதல் தடவையாக நாட்டுக்காக ஓடுகிறாள். நானூறு மீட்டர் அரையிறுதி, நாலரை மணிக்கு நேரடி ஒளிபரப்பு. வந்த வேலையையெல்லாம் தள்ளிவிட்டு, சுவரை அடைக்கிற மாதிரி அறுபத்தைந்து அங்குல டிவி வாங்கி மாட்டியிருந்தார். நாலு மணிக்குப் போட்டால் படம் ஒரே கலங்கல். ஒருத்தர் மூஞ்சியும் சரியாகத் தெரியவில்லை.

அந்த சேனலே பழைய தரத்தில்தான் வருகிறது. சின்ன டிவிக்குப் போதுமான படத்தைப் பெரிய டிவியில் இழுத்துப் பரப்பினால் அப்படித்தான் இருக்கும். டிஷ்ஷைத் திருப்பினால் தெளியாது. இதை வீடு வீடாகத் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறவரே அவர்தான். தன் மகள் என்றதும் எல்லாம் மறந்துபோய், ஸ்பேனரோடு மாடி ஏறிவிட்டார்.

"அத்தான், சும்மா இருக்கறத நோண்டாதீங்க."

"ஒரு விரல்கடை திருப்புனா போதும் மாப்ள."

திருப்பினார். இருந்த படமும் போனது. நாலு இருபது. அக்கா ரிமோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். சன்னலில் நின்று "இல்ல, இன்னும் இல்ல" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாலு இருபத்தொன்பதுக்குப் படம் திரும்பியது.

"வந்துருச்சு. முடுக்கிட்டு இறங்குங்க."

"மரை தேஞ்சிருக்கு மாப்ள. நட்டு பிடிக்கல. கைய எடுத்தா டிஷ் சாயுது."

"இருங்க, நான் வந்து பிடிச்சுக்கறேன்."

"கோட்டுல நிக்கிறா," என்றாள் அக்கா.

அது அவருக்கும் கேட்டுவிட்டது. "கை மாத்துனா படம் போயிரும். திரும்பக் கொண்டு வர்றதுக்குள்ள ஓடி முடிச்சிருவா. நீ அங்கயே நின்னு சொல்லு."

துப்பாக்கி வெடித்தது.

"மூணாவதா போறா அத்தான். இப்ப ரெண்டாவது. ஆட்டாதீங்க, கட்டம் கட்டமா வருது. கடைசி வளைவு... ஐயோ, ஒருத்தி தாண்டிட்டா. இன்னொருத்தியும்."

நாலாவதாக வந்தாள். மூன்று பேருக்குத்தான் அடுத்த சுற்று.

கத்திச் சொன்னேன். மேலேயிருந்து, "அழறாளா பாரு" என்றார்.

கேமரா அவளைக் கிட்டத்தில் காட்டியது. சுவர் நிறைய அவள் மூஞ்சி. அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அக்கா எழுந்து திரையை ஒட்டிப் போய் நின்றாள். கிட்டே போகப் போக இன்னும் மங்கியது.

"தெரியல அத்தான். நீங்க கீழ வாங்க."

"அவ டிவிய விட்டுப் போற வரைக்கும் பிடிச்சுக்கறேன்," என்றார். "நீங்க பாருங்க."